குண்டூசி குத்திய மூலை

தெருவில் அவருக்கு உலகப்படம் என்று பெயர். நேரில் 'சார்' என்பார்கள். தலை மறைந்ததும் உலகப்படம்தான். அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தால் போதும், "வருதுடா உலகப்படம், வாயைக் குடுக்காதே" என்று நின்றவர்கள் எல்லாம் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் முன்னால் எதைச் சொன்னாலும் அதைச் சின்னதாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவருக்கு வேலை. மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நீலக் கோடு போடுகிற வேலை. கோடு போடுவதில் மன்னர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் வருஷக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி வாய் திறந்தால், "ஊர்ல ஒரு நாளைக்கு வீணாப் போற தண்ணி எவ்வளவு தெரியுமா? அது மேல நம்ம சொட்டை வச்சுப் பாத்தா ஒரு புள்ளி கூடத் தேறாது" என்பார். அவள் அடியில் ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

இந்த வியாதி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு முற்றிப்போனது. இணையத்தில் ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டது. எந்த நாட்டை வேண்டுமானாலும் அதன் எல்லைக்கோட்டோடு அப்படியே பெயர்த்தெடுத்து, இன்னொரு நாட்டின் மேல் இழுத்துப் போட்டு, எது பெரிது என்று பார்க்கலாம். உருண்டையாக இருக்கிற பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் வடகோடியிலும் தென்கோடியிலும் இருப்பதெல்லாம் உப்பிப்போகும். நடுவில் இழுத்து வந்தால்தான் நிஜ அளவு தெரியும். பள்ளிக்கூடச் சுவரில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தொங்கிய கிரீன்லாந்தை அவர் இழுத்து வந்து ஆப்பிரிக்கா மேல் போட்டார். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. பதினாலு கிரீன்லாந்து போட்டால்தான் ஆப்பிரிக்கா நிரம்பும் என்று தெரிந்த அன்று மனிதர் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல விஷயம்தான், நாலு பேருக்குச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அவருக்குக் கையில் சுத்தியல் கிடைத்துவிட்டது, தெருவில் இருந்தவன் தலையெல்லாம் ஆணியாகத் தெரிந்தது. எதிர்வீட்டு வங்கி மேலாளரின் மகன் வடக்கே ஒரு பெரிய பனிநாட்டில் இருந்தான். மேலாளர் பெருமையாக உலகப்படத்தை விரித்துக் காட்டியதுதான் தாமதம், இவர் அந்த நாட்டை நடுவுக்கு இழுத்து, பாதியாகச் சுருங்க வைத்து, கலரில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேலாளர் முகம் செத்துப்போனது. அவர் மனைவிதான், "அந்த ஊரு சின்னதாயிட்டா பையன் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுவானா சார்?" என்று கேட்டாள். பதில் இல்லாத இடத்தில் சதவீதம் சொல்வது இவர் வழக்கம், சொல்லிவிட்டு வந்தார்.

சலவைக்கடைக்காரரின் கடை ஒருநாள் தீப்பிடித்துப் பாதி எரிந்தது. மறுநாளே ஒரு தாளோடு இவர் போய் நின்றார். ஊர்ப் படத்தின் மேல் அந்தக் கடையைப் போட்டிருந்தார். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்று சிவப்பில் ஒரு வட்டம் வேறு. "பாருங்க, எவ்வளவு சின்ன விஷயம்! இதுக்குப் போய் இடிஞ்சு உக்காந்திருக்கீங்க" என்றார். ஆறுதல் சொன்னதாக நினைப்பு! அன்றிலிருந்து உலகப்படத்தின் சட்டைகளுக்கு மட்டும் காலரில் ஒரு மடிப்பு விழுந்தே வந்தது.

அவருக்கு ஒரு மந்திரம் உண்டு. "அளவுக்கோட்டைப் பாத்தியா?" எந்தப் படத்திலும் ஓரமாக ஒரு சின்னக் கோடு இருக்கும், தாளில் இத்தனை என்றால் தரையில் எத்தனை என்று சொல்லும் கோடு. அதைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பவன் மடையன் என்பது அவர் கட்சி. அலுவலகத்தில் மேலதிகாரி படத்தை நீட்டினால் கூட முதலில் அளவுக்கோட்டைத்தான் தேடுவார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், தன் வீட்டுப் படத்தில் கோட்டை விட்டார். அந்தக் கதைதான் இது.

அவருக்கு ஓர் அண்ணன். திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். கடையைவிடக் கடைப்பலகை பெரிது, பலகையைவிட அவர் குரல் பெரிது. இரண்டு பிள்ளைகளும் கடைசிவரை ஒட்டி இருக்கட்டும் என்று அப்பா இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டி, நடுவில் ஒரே சுவரை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இந்தப் பக்கம் தம்பி சமையலறை, அந்தப் பக்கம் அண்ணன் சமையலறை. இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புதுக்குழாய் போடுவதற்காக அலுவலகம் அந்தத் தெருவை அளந்தது. அந்த அளவைப் படம் இவர் மேஜைக்கு வந்தது. வீட்டில் அப்பா விட்டுப்போன, இரண்டு வீட்டுக்குமான பழைய நீலத்தாள் பிளான் இருந்தது. இரண்டும் ஒரே அளவில் வரைந்தவை. கை சும்மா இருக்குமா? புதுப்படத்தில் தங்கள் இரண்டு வீடும் இருக்கும் பகுதியைக் கண்ணாடித்தாளில் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர், "படம் தாளுக்குக் கொஞ்சம் வெளியில போகுது சார்" என்றார். "அதெல்லாம் தெரியாது, எல்லாம் ஒரே தாள்ல வரணும்" என்று அதட்டி வாங்கி வந்தார்.

சமையலறை மேஜையில் நீலத்தாளை விரித்தார். கண்ணாடித்தாளை அதன் மேல் போட்டார். நழுவாமல் இருக்க ஒரு குண்டூசியை எடுத்து மூலையில் குத்தினார். எந்த மூலையில்? இதென்ன கேள்வி, தன் வீட்டு மூலையில்தான். அண்ணன் வீடு இருந்த பாதி மேஜைக்கு வெளியே தொங்கி ஆடியது. "அவர் வீடு எனக்கு எதுக்கு?" என்று கத்தரிக்கோலால் அந்தப் பாதியை நறுக்கிக் கீழே போட்டார். பிறகு குனிந்து பார்த்தார். நடுச்சுவர் அப்பா போட்ட கோட்டில் இல்லை. ஓர் அரிசி அகலத்துக்கு இவர் பக்கம் தள்ளி நின்றது. தாளில் அரிசி என்றால் தரையில் ஒரு சாண்.

"பாத்தியா! சமையலறையைப் புதுசாக் கட்டறேன்னு சொல்லி, சுவரை நம்ம பக்கம் தள்ளிட்டாரு. சொந்தத் தம்பி நிலம்!" என்று குதித்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் அப்படிச் செய்யற ஆளா? டேப் வச்சு அளந்துட்டுப் பேசுங்க" என்றாள். யார் கேட்டார்?

நேரே அண்ணன் வாசலில் போய் நின்றார். அண்ணன் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"சாணா? எங்கடா தள்ளினேன்? இதோ டேப் இருக்கு, வா, இப்பவே அளந்துடலாம்."

"ஜன்னலுக்குத் துணி வெட்டற டேப்பால நிலத்தை அளக்கிறதா? அது இழுத்தா நீளும். படம் நீளாது."

"என்னைத் திருடன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. படம் சொல்லுது."

"அப்ப அந்தப் படத்தையே அண்ணேன்னு கூப்பிட்டுக்கோ, போ" என்று அண்ணன் கதவைச் சாத்தினார். அவருக்கும் குடும்பத்துக் கோபம் குறைவில்லாமல் வந்திருந்தது. அடுத்தநாள் டேப்பை நீட்ட அவரும் வரவில்லை, வாங்க இவரும் போகவில்லை. தெரு சங்கத்துச் செயலாளர் பஞ்சாயத்துக்கு வந்தார். கண்ணாடித்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார், "தெளிவா இருக்கு" என்றார். புரியாதவனைக் கூடத் தலையாட்ட வைக்கும் சக்தி அந்தத் தாளுக்கு இருந்தது.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. ஒரே சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும், பேச்சு மட்டும் இல்லை. மனைவி மட்டும் பின்பக்கமாக அண்ணன் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மருந்துக்கடையிலிருந்து மாத்திரைப் பையோடு அவள் அந்தப் பக்கம் போவது இவருக்குத் தெரியும். தெரியாதவர் போல் உலகத்தில் எதையாவது எதன் மேலாவது இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

அண்ணனுக்கு நெஞ்சில் அறுத்து வைத்தியம் செய்யும்படி ஆனது. "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். இவர் எழுந்திருக்கவில்லை. பயந்துபோனார், அதுதான் உண்மை. ஆனால் வாய் பழக்கப்பட்ட வாய் ஆயிற்றே. "உடம்புல இருக்கிற ரத்தக்குழாயை எல்லாம் நீட்டி வச்சா ஊரையே சுத்தி வரும். அதுல ஒரு கடுகு அடைச்சுக்கிட்டா பெரிய..." என்று தொடங்கினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், தனியாகப் போய்விட்டாள். அவள் போன பிறகு செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டரில் பார்த்தார். விரல் நகம் அளவுகூட இல்லை. அந்த நகத்தைத் தாண்டத் துப்பில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் பிழைத்து வந்தார், ஆனால் பழைய குரல் வரவில்லை. கடையை ஆளிடம் விட்டார். ஒருநாள் செயலாளரிடம் சொல்லி அனுப்பினார்: "அந்தச் சாணை அவனே எடுத்துக்கட்டும். எனக்கு மல்லுக்கட்டத் தெம்பு இல்ல. ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வர்றாரு. சமையலறைச் சுவரை இடிச்சு, நான் உள்ள தள்ளிக் கட்டிக்கிறேன்."

உலகப்படம் ஜெயித்துவிட்டார்! தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். "சத்தியம் தாமதமா வரும், ஆனா வரும்." சலவைக்கடைக்காரர், "அந்தச் சாண் நிலத்துல என்ன சார் பண்ணப் போறீங்க, விமான நிலையமா?" என்று கேட்டார். உலகப்படம் காதில் விழாதது போல் நடந்தார். ஆனால் சனிக்கிழமை முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு காலையில் அந்தப் பக்கம் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. நடுச்சுவரில்தான் இவர்கள் வீட்டுச் சமையலறை அலமாரி இருந்தது. மனைவி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். இவர் மேஜையின் இன்னொரு ஓரத்தில் நீலத்தாளையும் தன் அரைக் கண்ணாடித்தாளையும் விரித்துக் குண்டூசியைக் குத்தினார். மேஸ்திரி இம்மி பிசகாமல் கட்டவேண்டுமே!

சர்க்கரை டப்பாவை எடுத்தவள், அலமாரித் தட்டில் அதன் அடியில் விரித்திருந்ததை உரித்தெடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் டப்பாக்களின் வட்ட அடையாளமுமாக ஒரு கண்ணாடித்தாள்.

"இது உங்களதுதானேங்க? அன்னிக்கு நறுக்கிக் கீழ போட்டீங்களே. நல்ல கெட்டித் தாளா இருக்கேன்னு நான்தான் தட்டுல விரிச்சேன்."

"தூக்கிப் போடு. அது அவர் வீடு."

அவள் போடவில்லை. துணியால் துடைத்து, கணவர் விரித்திருந்த பாதிக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தாள். வெட்டிய இடம் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, உங்க அண்ணன் வீட்டு அந்தக் கடைசி மூலை பிளான்ல இருக்கிற மூலைக்கு வரவே இல்லையே. ரெண்டு அரிசி குறையுது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்களும் சுவரைத் தள்ளிட்டாங்களா?"

"அப்படித்தான் இருக்கும். ஊரே திருட்டு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அந்தப் பக்கம் பக்கத்து வீடே கிடையாது. ரோடு.

அவள் குண்டூசியைப் பிடுங்கினாள். இரண்டு துண்டையும் சேர்த்து நகர்த்தி, அண்ணன் வீட்டுக் கடைசி மூலையில் பொருத்திக் குத்தினாள். இப்போது நடுச்சுவர் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஓர் அரிசி.

"இப்ப பாத்தா நாமதான் அவங்க நிலத்தைத் திருடியிருக்கோம்" என்றாள்.

அவர் குனிந்தார். அவள் துடைத்த துண்டின் கீழ் ஓரத்தில், சர்க்கரை டப்பா உட்கார்ந்திருந்த வட்டத்துக்குள், அளவுக்கோடு இருந்தது. ஆறு வருஷமாக அது டப்பாவுக்கு அடியில் இருந்தது. ஸ்கேலை எடுத்து வைத்தார். கோடு இருக்கவேண்டிய நீளம் இல்லை, கொஞ்சம் குட்டை. ஜெராக்ஸ் மெஷின் தாளுக்குள் அடக்குவதற்காகப் படம் முழுவதையும் ஒரு பொட்டு சுருக்கியிருக்கிறது. ஒரே தாளில் வரவேண்டும் என்று அதட்டியவர் யார்? இவர். சுருங்கிய படத்தைத் தன் மூலையில் குத்திக்கொண்டதால் குறை முழுவதும் அண்ணன் தலையில் போய் விடிந்தது. சுவர் அப்பா வைத்த இடத்தை விட்டு ஒருநாளும் நகரவில்லை.

அந்தப் பக்கம் சுவரில் முதல் அடி விழுந்தது. அலமாரி அதிர்ந்தது.

இந்தக் கண்ணாடித்தாளை மடித்து அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது, நன்றாகவே வந்தது. அண்ணன்தான் ஒத்துக்கொண்டாரே, தெருவே தன் பக்கம்தானே! "மூணு சதவீதம்தான். இதெல்லாம் ஒரு பெரிய..." என்று நாக்கு தானாகக் கிளம்பியது.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

அவர் எழுந்திருப்பதற்குள் சுவரில் அலமாரிக்கு மேலே ஒரு செங்கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது, கூடவே இன்னும் இரண்டு. புழுதி அடங்கியதும் ஓட்டை வழியாக அண்ணன் தெரிந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது, தையல் தழும்பு கழுத்துக்குக் கீழே வரை ஏறியிருந்தது. இவர் மனதில் இத்தனை வருஷமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் கடைப்பலகை அளவுக்கு இருந்தார். ஸ்டூலில் இருந்தவர் அதில் பாதி கூட இல்லை. ஐயோ, இப்படியா சுருங்கிப்போனார்! உலகத்தையே சுருக்கிப் பார்த்தவருக்கு இதைப் பார்க்க முடியவில்லை.

"என்னடா, அளவு சரியா இருக்கா? பத்தலைன்னா சொல்லு, மேஸ்திரி இன்னும் கொஞ்சம் தள்ளுவாரு" என்றார் அண்ணன்.

"இடிக்கிறதை நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"ஏன்?"

"சுவர் சரியாத்தான் இருந்துச்சு. அந்த ஜெராக்ஸ்காரன்..." என்று ஆரம்பித்தவர் மனைவியைப் பார்த்தார். "இல்ல, நான்தான். படம் சுருங்கியிருக்கு, நான் பாக்கல. அளவுக்கோட்டை நானே நறுக்கிப் போட்டிருக்கேன். ஒரு சாணும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எதையும் தள்ளலண்ணே."

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, இது நமக்குத் தேவையில்லாத விஷயம் என்று வெளியே போனார். அண்ணி கையில் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் கேட்டாரு தம்பி. வெளியில நிக்கிறீங்க, உள்ள விட மாட்டேங்கிறாங்கன்னு பொய் சொன்னேன்" என்றாள்.

"விடு" என்றார் அண்ணன். மாத்திரையை விழுங்கினார், தண்ணீர் குடித்தார். "உலகம் உண்டாகி எத்தனையோ கோடி வருஷம்னு சொல்வானே உன் கொழுந்தன். அது மேல வச்சுப் பாத்தா ஆறு வருஷம் எம்மாத்திரம்? கடுகு."

மன்னிப்பா, செருப்படியா? உலகப்படத்துக்கு விளங்கவில்லை. எத்தனை பேருக்கு இதே வார்த்தையை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார்! எரிந்த கடைக்குக் கொடுத்தார், பிரிந்த மகனுக்குக் கொடுத்தார், அறுத்த நெஞ்சுக்குக் கூடக் கொடுத்தார். வாங்குகிற இடத்தில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆறு வருஷம் கொஞ்சம்கூடச் சுருங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"அழுதா சுவர் தானா ஏறிக்குமா?" அண்ணன் ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்து ஓட்டை வழியாக வீசினார். "மொதல்ல இந்த ஓட்டையை அள. செங்கல் வைக்கிற வரைக்கும் கடையிலேர்ந்து ஒரு திரை கொண்டு வரச் சொல்றேன். உன் வீட்டுப் புகை எல்லாம் என் மூக்குல ஏறுது."

அவர் டேப்பைப் பிரித்தார். தகடு வைத்த முனையைப் பழக்க தோஷத்தில் தன் பக்கத்து ஓரத்தில் வைத்து அழுத்தினார். கை அங்கேயே நின்றது. பிறகு முனையை எடுத்து ஓட்டை வழியாக நீட்டினார்.

"நீங்க பிடிச்சுக்கோங்கண்ணே. உங்க பக்கத்துலேர்ந்து அளக்கலாம்."

அண்ணன் மெல்ல எழுந்து வந்து முனையைத் தன் பக்க ஓரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். இவர் டேப்பை இழுத்துப் பிடித்துக் குனிந்து எண்ணைப் படித்துச் சொன்னார்.

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லு" என்றார் அண்ணன். "உன்னை நம்பித் துணியை வெட்ட முடியாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.